ஒரு கிலோ அவரைக்காயும் ஒரு ராக்கெட்டும்

முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ராக்கெட்டைப் பற்றியும் நிலவைப் பற்றியும் எழுத நிறையப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் பத்தாவது வரை படித்தவள். அறிவியலில் தேறியதே பெரிய விஷயம். விழுப்புரத்தில் ஒரு செல்போன் கடையில் போன்களுக்குக் கண்ணாடி ஒட்டுவது என் வேலை. நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் வராது. பேச வராதவள் எழுத எப்படித் துணிந்தாள் என்று கேட்டால், எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை, அதனால்தான். தவறாக ஏதாவது சொல்லியிருந்தால் விஷயம் தெரிந்தவர்கள் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி ஒட்டும் வேலையில் பேச்சு தேவையில்லை. ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் துடைத்து, கடைசித் தூசியையும் எடுத்துவிட்டு, கண்ணாடியை நேராகப் பிடித்து நடுவில் ஒரு விரலால் அழுத்தினால் போதும். அது தானாகவே நாலு பக்கமும் பரவி ஒட்டிக்கொள்ளும். இத்தனை வருஷமாகப் பார்த்தும் அந்த ஒரு நொடி எனக்கு அலுக்கவில்லை. போனைக் கொடுத்தவர்கள், பிள்ளையை ஊசிக்குக் கொடுத்துவிட்டு நிற்பவர்கள் மாதிரி கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தில் உலகத்தில் வந்திருக்கிற புதுச் சாமான் எல்லாவற்றையும் பற்றிப் பேசிவிடுவார்கள். நான் தலையை நிமிர்த்தாமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் ஒருவர் சொன்னார், "இனிமே போனே இருக்காதாம்பா. மூக்குக்கண்ணாடி ஒண்ணு போட்டுகினா எல்லாம் கண்ணுக்கு முன்னாடியே வந்துடுமாம்."

"வரட்டும் சார்," என்றார் எங்கள் முதலாளி. "அந்தக் கண்ணாடிக்கு மேல நாங்க ஒரு கண்ணாடி ஒட்டுவோம்."

எனக்கும் அபிப்பிராயங்கள் உண்டு. சொன்னதுதான் இல்லை. மடிக்கிற போன் எனக்குப் பிடிக்காது. நடுவில் ஒரு கோடு இருந்துகொண்டே இருக்கிறது. இல்லாத மாதிரி நடிக்கச் சொல்கிறார்கள். மின்சார ஸ்கூட்டர் நல்லதுதான், ஆனால் பின்னால் வருவது தெரிவதில்லை. செருமிக்கொண்டே வருகிற மாதிரி அதற்கு ஒரு சத்தம் வைத்திருக்கலாம். ஓட்டுநர் இல்லாத கார் நம் ஊருக்கு வந்தால், பேருந்து நிலையத்து முனையில் ஷேர் ஆட்டோக்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு அழுதுவிடும் என்று நினைக்கிறேன்.

கேட்டால் பதில் சொல்கிற புது நிரல்கள் வந்தபோது நானும் என் போனில் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். திண்டிவனத்தில் ஒரு மாடி அறையில் தனியாக இருக்கிறேன். அப்பா அம்மா காலமாகிவிட்டார்கள். தம்பி ஓசூரில் குடும்பத்தோடு இருக்கிறான், பொங்கலுக்குப் போன் செய்வான். அதனால் ராத்திரிச் சாப்பாட்டின்போது அதனிடம் பேசிப் பார்த்தேன். நிலவில் தண்ணீர் இருக்கிறதா, ராக்கெட் ஏன் நேராகப் போகாமல் சாய்ந்து போகிறது என்று எதைக் கேட்டாலும் பொறுமையாகச் சொன்னது. மரியாதையாக 'நீங்கள்' என்றது. தலைவலி என்று சொன்னேன், தண்ணீர் குடிக்கச் சொன்னது. நல்ல பொருள்தான். ஆனால் மறுநாள் அதுவாக என்னைக் கூப்பிட்டு, தலைவலி எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. கேட்காது என்று தெரிந்தும் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அதன்பிறகு ராக்கெட் சந்தேகம் வந்தால் மட்டும் அதைக் கேட்பது.

ராக்கெட் பைத்தியம் எப்போது வந்தது என்றால், நம் நாட்டு ஊர்தி நிலவில் இறங்கியபோது. இறங்கியதற்கு ஊரே கொண்டாடியது. எங்கள் கடையில் முதலாளி எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் மறக்கவில்லை. நிலவில் ராத்திரி என்றால் நம் கணக்கில் ஏறக்குறைய அரை மாதம். அவ்வளவு குளிரை அது தாங்குமோ என்னவோ என்று, அந்த ஊர்தியைத் தூங்க வைத்தார்கள். வெயில் வந்ததும் எழுந்தாலும் எழும் என்றார்கள். வெயில் வந்தது. கூப்பிட்டுப் பார்த்தார்கள். தினமும் காலையில் பல் துலக்கும் முன்பே நான் செய்தியைப் பார்ப்பேன். எழவில்லை. கொஞ்ச நாளில் செய்தியிலும் விட்டுவிட்டார்கள். நான் இன்னும் பௌர்ணமிக்கு மாடியில் வற்றல் எடுக்கப் போகும்போது நிமிர்ந்து பார்ப்பதுண்டு.

வற்றல் என்று சொல்லிவிட்டேன். அதை விளக்க வேண்டும்.

நான் தினமும் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு ரயிலில் போய் வருகிறேன். சாயங்காலம் விழுப்புரத்திலேயே புறப்படுகிற பாசஞ்சர் வண்டி. பெண்கள் பெட்டி. வழக்கமாக வருகிறவர்கள் வழக்கமான இடத்தில்தான் உட்காருவார்கள். முன்னால் வருகிறவர், பின்னால் வருகிறவருக்காகக் கைக்குட்டையோ பையோ போட்டு இடம் பிடித்து வைப்பார். உட்கார்ந்ததும் மடியில் பழைய செய்தித்தாளை விரித்துக் காய் நறுக்க ஆரம்பித்துவிடுவார்கள். வீட்டுக்குப் போனதும் அடுப்பில் ஏற்ற வேண்டும், அதற்காக. ஒருத்தி வெங்காயம் உரிப்பாள், ஒருத்தி கீரை ஆய்வாள். யார் காயாக இருந்தாலும் அந்த வரிசையில் இருக்கிற எல்லோரும் சேர்ந்து நறுக்குவார்கள். திண்டிவனம் வருவதற்குள் எல்லோர் காயும் முடிந்திருக்கும். பேச்சும் அப்படித்தான், ஒருவர் தொடங்கியதை இன்னொருவர் முடிப்பார்.

எனக்கு யாரும் இடம் பிடித்ததில்லை. கடை மூடி ஓடி வந்து ஏறினால், கதவோரம் நின்றுகொண்டு அவர்கள் கைகளைப் பார்த்துக்கொண்டு வருவேன். விக்கிரவாண்டியில் யாராவது இறங்கினால் உட்காருவேன். என் பையில் இரண்டு கத்தரிக்காய் இருக்கும். இரண்டு கத்தரிக்காயை வைத்துக்கொண்டு எந்த வரிசையில் போய், நறுக்கித் தாருங்கள் என்று உட்கார முடியும்?

ஒருநாள் மார்க்கெட்டில் நின்றபோது, என் வாய் என்னைக் கேட்காமலே, "அவரக்கா ஒரு கிலோ" என்றது. அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு வண்டி ஏறினேன். ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்க்கிற அக்கா ஒருவர், அந்த வரிசையிலேயே சத்தமான ஆள், நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாம்மா அது, அவரக்காயா? ஒரு கிலோ இருக்கும் போல. நின்னுகினே எப்டி நார் எடுப்ப? ஏய், கொஞ்சம் நவுந்து குந்துங்கடி. இந்தா, இங்க குந்து. ஊட்ல ஆளுங்க கும்பலா?"

நான் சிரித்தேன். எங்கள் ஊர்ப் பக்கத்தில் சிரித்தாலே பதில் சொன்ன மாதிரிதான்.

அப்படித்தான் தொடங்கியது. வாரத்தில் பாதி நாள் காய் வாங்கினேன். அவரைக்காய், கொத்தவரங்காய், ஒருமுறை சுண்டைக்காய்கூட. வாங்கிய நாளில் இடம் கிடைத்தது. வாங்காத நாளில் நானே போய்க் கேட்கக் கூச்சம், கதவோரமே நின்றுவிடுவேன். நறுக்கிய காயை ஒருத்தி என்ன செய்வது? உப்புப் போட்டு வேகவைத்து மாடியில் காயப்போட்டேன். ஒரு ஆள் ஒரு வருஷத்தில் தின்ன முடியாத வற்றல் என் அறையில் டப்பா டப்பாவாகச் சேர்ந்துவிட்டது. கீழ்வீட்டு அம்மாவுக்குக் கொடுத்தேன். மூன்றாம் முறை கொடுத்தபோது, "விக்கறியாம்மா?" என்று கேட்டார்கள்.

அந்த வரிசையில் ஆஸ்பத்திரி அக்கா, ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை செய்கிற அக்கா, துணிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிற சின்னப் பெண், நான். கல்லூரி அக்காதான் பெரியவர், அதிகம் பேசமாட்டார். யாரையும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவர்கள் பேச்சு பிள்ளைகள், மாமியார், சீட்டு, சீரியல். என் அபிப்பிராயங்களுக்கு அதில் இடம் இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை. உட்கார இடம் கிடைத்ததே போதும் என்று இருந்தேன்.

அப்புறம் அந்தச் சாயங்காலம் வந்தது. வண்டி ஓடிக்கொண்டிருக்கிற நேரத்திலேயே ராக்கெட் விடுவதாக அறிவித்திருந்தார்கள். நேரலையைப் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் காய் நறுக்குகிற வரிசையில் போனை நோண்டினால் ஆஸ்பத்திரி அக்கா விடமாட்டார். "கையில போன் வெச்சிகினு வர்றவ அந்தாண்ட போய் குந்து" என்று முன்பு ஒரு பெண்ணை எழுப்பியே விட்டிருக்கிறார். இருந்தும், நல்ல பிஞ்சாக ஒரு கிலோ அவரைக்காய் வாங்கிக்கொண்டு ஏறினேன். போனை டிபன் பாக்ஸில் சாய்த்து வைத்து, சத்தத்தைக் குறைத்துவிட்டேன். கை தன் பாட்டுக்கு நார் எடுத்தது.

முண்டியம்பாக்கம் தாண்டியது. துணிக்கடைப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா பாக்குற, சீரியலா?"

"இல்ல. ராக்கெட்டு."

"ராக்கெட்டா?" ஆஸ்பத்திரி அக்காவின் கத்தி நின்றது. எழுப்பிவிடுவார் என்றே நினைத்தேன். "எங்க போவுது, நெலாவுக்கா?"

"இல்லக்கா. பூமியச் சுத்தறதுக்கு ஒரு செயற்கைக்கோள் எடுத்துகினு போவுது."

அவ்வளவோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் கல்லூரி அக்கா, "அது எப்டி மேல போய் நிக்குது?" என்று கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் பேசினேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. நிற்காது, விழுந்துகொண்டே சுற்றும் என்றேன். நாலு அடுக்கு இருக்கும், எரிந்து முடிந்த அடுக்கு ஒவ்வொன்றாகக் கழன்று கடலில் விழும், கடைசியில் இருக்கிற சின்ன அடுக்குதான் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்றேன். ஒரு அவரைக்காயை எடுத்து மூன்று இடத்தில் ஒடித்துக் காட்டினேன்.

ஆஸ்பத்திரி அக்கா யோசித்தார். "எங்க ஊட்லயும் அதே கதைதான். மொதல்ல மாமியா கழண்டுச்சி. அப்பறம் நாத்தனா கழண்டுச்சி. இப்ப நானும் அந்த மனுசனுந்தான் சுத்திகினு கீறோம்."

பெட்டியே சிரித்தது. நின்றுகொண்டு வந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"மேலருந்து இன்னா பண்ணும் அது?" என்றாள் துணிக்கடைப் பெண்.

"ஏரி, வயலு எல்லாத்தயும் படம் புடிக்கும்."

"எங்கப்பா வயல்ல மல்லாட்டைய பூரா காட்டுப்பன்னி தின்னுட்டு போவுதுக்கா. அதக் கொஞ்சம் புடிக்கச் சொல்லேன்."

எண்ணிக்கை இறங்கத் தொடங்கியதும் சத்தத்தைக் கூட்டச் சொன்னார்கள். எல்லோர் கையும் நின்றது. என் தோளுக்கு மேல் மூன்று நான்கு தலைகள் குனிந்தன. யாருடைய மூச்சோ என் காதில் பட்டது. நெருப்பு வந்து, புகை வந்து, அது எழும்பியபோது, "யம்மாடி!" என்றார் ஆஸ்பத்திரி அக்கா.

துணிக்கடைப் பெண் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து வடக்கே பார்த்தாள். "அதோ தெரியுதுக்கா! செவப்பா, மேல!"

"அடியே, அது செல்போன் டவரு. ஒன் கண்ண மொதல்ல எங்க ஆஸ்பத்திரில வந்து காட்டு."

முதல் அடுக்கு கழன்றது. "மாமியா!" என்று எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். திரையில் இரண்டு கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் போய்க்கொண்டிருந்தன. போக வேண்டிய பாதை ஒன்று, போகிற பாதை ஒன்று என்று சொல்லிக் கொடுத்தேன். இரண்டாவது அடுக்கும் கழன்றது. "நாத்தனா!" என்றார்கள். அந்த நேரத்தில் வண்டி விக்கிரவாண்டியை விட்டுக் கிளம்பியிருந்தது. அங்கே கொஞ்ச தூரத்துக்கு எந்த போனுக்கும் சிக்னல் கிடைக்காது. தினமும் போகிறவர்களுக்குத் தெரியும், அந்த இடம் வந்தால் "அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிடுவார்கள். படம் நின்று, நடுவில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

"யார் போன்லனா வருதா?"

எல்லோரும் எடுத்துப் பார்த்தார்கள். யாருக்கும் வரவில்லை. மெதுவாக மறுபடி நார் எடுக்கத் தொடங்கினோம். யாரும் வேறு பேச்சு எடுக்கவில்லை. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. என்னோடு சேர்ந்து ஒரு ராக்கெட்டுக்காக மூன்று பேர் காத்திருந்தது என் வாழ்க்கையில் அந்தக் கொஞ்ச நேரம்தான்.

"மயிலத்து முருவா, எப்டினா ஏத்தி வுட்டுடுப்பா," என்றார் ஆஸ்பத்திரி அக்கா.

"மொட்டை கிட்டைன்னு வேண்டிக்காத," என்றார் கல்லூரி அக்கா.

பேரணி ஸ்டேஷன் தாண்டியதும் படம் வந்தது. பெரிய அறையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் கை தட்டவில்லை. ஒருவர் நின்றுகொண்டு ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு ஆங்கிலம் புரியாது. ஆனால் திரையின் மூலையில் அந்த இரண்டு கோடுகள் இருந்தன. ஒன்று மேலே போயிருந்தது. இன்னொன்று பிரிந்து கீழே வந்திருந்தது.

துணிக்கடைப் பெண் காதை வைத்துக் கேட்டாள். "மூணாவதுல ஏதோ கோளாறாம். இன்னான்னு பாத்துகினு இருக்கறோம்னு சொல்றாரு."

"அப்ப அது இப்ப எங்க?"

"கடல்ல வுழுந்துருக்கும்," என்றேன்.

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கக் கையைத் தூக்கினால் கையெல்லாம் அவரைக்காய் நார்.

"அய்ய, இன்னாம்மா இது? ஒங்க சொந்தக்காரங்க யார்னா அதுல வேல செய்யறாங்களா?"

"இல்லக்கா."

"பின்ன எதுக்கு அழுவுற? ராக்கெட்டுக்கு அழுதுட்டு வந்தேன்னு ஊட்ல போய் சொன்னா ஒன்ன கிண்டல் பண்ணப் போறாங்க."

"ஊட்ல யாரும் இல்லக்கா. நான் மட்டுந்தான்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. மூவரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு செய்தித்தாளில் மலை மாதிரி குவிந்திருந்த அவரைக்காயைப் பார்த்தார்கள். மறுபடி சிக்னல் போய்விடக்கூடாதா என்று இருந்தது.

"ஒருத்திக்கா இவ்ளோ?" என்றார் கல்லூரி அக்கா, மெதுவாக.

நான் விரலில் ஒட்டியிருந்த நாரை ஒவ்வொன்றாக எடுத்தேன்.

"அப்ப போன வாரம் வாங்கினியே அத்தினி கொத்தவரங்கா?" என்றார் ஆஸ்பத்திரி அக்கா.

"வத்தல் போட்டேன்."

துணிக்கடைப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்து, வாயைப் பொத்திக்கொண்டாள். ஆஸ்பத்திரி அக்கா அவள் தொடையில் ஒன்று வைத்தார். அவர் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தினமும் ஏதாவது சொல்கிற ஆள் எதுவும் சொல்லாமல் கத்தியைத் துடைத்துப் பையில் போட்டார். எதற்காகக் காய் வாங்கினேன் என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. இத்தனை நாள் ஒரு கிலோ காயைக் கொடுத்து இடம் வாங்கிக்கொண்டிருந்தவள் என்று நினைத்திருப்பார்கள். இனி காயோடு போனாலும் வெட்கம், காய் இல்லாமல் போனாலும் வெட்கம்.

திண்டிவனம் வந்துவிட்டது. கல்லூரி அக்கா செய்தித்தாளை நாலு பக்கமும் மடித்து, சிந்தாமல் என் பையில் வைத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஸ்டேஷன் நடைமேம்பாலத்துக் கூட்டம் அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. மற்ற இருவரும் எந்தப் பக்கம் போனார்கள் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு நடந்தேன். அந்தப் பெரிய அறையில் உட்கார்ந்திருந்தவர்களையே நினைத்துக்கொண்டு நடந்தேன். அவர்களும் இப்போது டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். வாசலில் யாராவது, என்னாச்சு என்று கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டும். நாளைக் காலையில் மறுபடி அதே நாற்காலியில் போய் உட்கார வேண்டும். பழுது எங்கே என்று தேடுவதைவிட அந்த நாற்காலிக்குத் திரும்பிப் போவதுதான் கஷ்டம் என்று தோன்றியது. இது ஒரு அபிப்பிராயம்தான். அறையைத் திறந்து விளக்கைப் போட்டேன். என்னாச்சு என்று கேட்க யாரும் இல்லை. போனில் இருக்கிற அதனிடம், ராக்கெட்டின் மூன்றாவது அடுக்கில் என்னவெல்லாம் கோளாறு வரலாம் என்று கேட்டேன். வரிசையாகச் சொன்னது. வேறு ஏதாவது தெரிந்துகொள்ள வேண்டுமா என்றது. வேண்டாம் என்று அணைத்துவிட்டேன்.

மறுநாள் காய் எதுவும் வாங்கவில்லை. வண்டி ஏறியதும் கதவோரம் நின்றேன். அந்த வரிசையில் ஒரு இடத்தில் கைக்குட்டை கிடந்தது. வண்டி கிளம்பியும் யாரும் வரவில்லை. ஆஸ்பத்திரி அக்கா, "எவ்ளோ நேரம் புடிச்சி வெக்கறது, குந்து" என்றார். உட்கார்ந்தேன். அவருடைய முருங்கைக்கீரையை ஆய்ந்து கொடுத்தேன். ராக்கெட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. திண்டிவனத்தில் இறங்கி வீட்டுக்குப் போய், முந்தின நாள் அவரைக்காயில் ஒரு பிடி எடுத்துப் பொரியல் செய்தேன். மிச்சத்தை வேகவைத்து மாடியில் காயப்போட்டேன்.